இன்சூரன்ஸில் நம் பக்கம் நிற்பவர் யார்?

(சங்கத்தின் சந்திப்பு விழாவில், மாட்டுத்தாவணி மண்டபத்தில், மதிய உணவுக்கு முந்தைய அமர்வில் ஆற்றிய உரை. செல்போன் பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் போன் பண்ணினபோது ஒரு நிபந்தனை போட்டார். "அண்ணே, இன்சூரன்ஸ் பத்தி பேசுங்க, ஆனா கடைசியில யார்கிட்டயும் பாலிசி ஃபாரம் நீட்டிடாதீங்க" என்றார். கவலையே வேண்டாம். நான் ஒரு பாலிசிகூட விற்றவன் இல்லை. நான் சர்வேயர். சர்வேயர் என்றதும் நம்ம ஆட்கள் பட்டா, புல எல்லை என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த சர்வேயர் இல்லை ஐயா. தீ பிடித்த பிறகு, தண்ணீர் புகுந்த பிறகு, நஷ்டம் எவ்வளவு என்று மதிப்புப் போட வருகிற இன்சூரன்ஸ் சர்வேயர். நல்ல காரியத்துக்கு யாரும் என்னைக் கூப்பிட்டது கிடையாது. கருகின இடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். அங்கே போய் நின்றவுடன் என் கண்ணில் முதலில் படுவது எரிந்த சரக்கு இல்லை. அந்தக் கடைக்காரர் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒரு ஆள் நிற்கிறாரா, இல்லை தனியாக நிற்கிறாரா என்பதுதான். பெரும்பாலும் தனியாகத்தான் நிற்பார். அந்த ஆளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. சட்டத்தில் அவருக்கு இன்சூரன்ஸ் புரோக்கர் என்று பெயர்.

புரோக்கர் என்று சொன்னதும் அங்கே இரண்டு பேர் சிரிக்கிறீர்கள். தெரியும். வீட்டுத் தரகு, நிலத் தரகு, கல்யாணத் தரகு எல்லாம் பார்த்தவர்கள் நாம். அதுவும் நாம் உட்கார்ந்திருக்கிற இடம் மாட்டுத்தாவணி. மாடுகளை வரிசையாகக் கட்டுகிற நீளக் கயிற்றுக்குத் தாவணி என்று பேர். மாட்டுச் சந்தைக்கும் அதே பேர். பஸ் ஸ்டாண்டு இங்கே வந்தது 1999-இல். தரகர் அதற்கு ரொம்ப முந்தியவர். சந்தையில் துண்டுக்குள்ளே கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவாரே, அவரை இங்கே இருக்கிற பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அவர் யாருடைய ஆள்? விற்கிறவரிடமும் தரகு வாங்குவார், வாங்குகிறவரிடமும் வாங்குவார். வியாபாரம் முடியணும், அவ்வளவுதான் அவருக்கு. மாடு நாளைக்குப் பால் கறக்குதா, உதைக்குதா என்பது அவர் பாடு இல்லை.

இன்சூரன்ஸ் புரோக்கரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதேதான். நீ யாருடைய ஆள்? மாடு உதைக்கிற அன்னைக்கு வருவியா?

நம்ம ஊரில் இன்சூரன்ஸ் சம்பந்தமாக யார் வீட்டுக்கு வந்தாலும் ஏஜெண்டு என்றுதான் சொல்வோம். ஆனால் வருகிறவர்கள் ஒரே வகை இல்லை. ஏஜெண்டு என்பவர் கம்பெனியின் பிரதிநிதி. நல்லவராக இருக்கலாம், சொந்தக்காரராக இருக்கலாம், நம் கல்லூரி ஜூனியராகவே இருக்கலாம். ஆனாலும் சட்டப்படி அவர் கம்பெனி சார்பில் வந்திருக்கிறார். இரண்டாவது, பேங்கு. லோன் கொடுக்கிற பேங்கே இன்சூரன்ஸும் போட்டுவிடும். அதுவும் தான் ஒப்பந்தம் போட்டிருக்கிற கம்பெனிகளின் சார்பில்தான் விற்கிறது. மூன்றாவது, புரோக்கர். இவர் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் பதிவு பெற்ற ஒரு நிறுவனம். எந்தக் கம்பெனி பாலிசியையும் வாங்கித் தரலாம். சட்டம் இவரை வாடிக்கையாளரின் பிரதிநிதி என்று சொல்கிறது. இவர் தப்பால் நமக்கு நஷ்டம் வந்தால் ஈடு கட்டுவதற்கென்று இவரே ஒரு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி.

அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதே நம்மில் பலருக்கு ஏன் தெரியாது? காரணம் இருக்கிறது. 1973 ஜனவரியில் ஜெனரல் இன்சூரன்ஸ் முழுக்க அரசுடைமை ஆனது. நாலு கம்பெனி, அதில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம் சென்னை. தீ விபத்து இன்சூரன்ஸுக்கு ரேட்டு எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். டாரிஃப் என்று ஒரு புத்தகம் இருக்கும். பஞ்சு குடோனுக்கு இத்தனை, பலசரக்குக் கடைக்கு இத்தனை என்று அதில் அச்சடித்திருக்கும். கீழ மாசி வீதியில் எடுத்தாலும் பம்பாயில் எடுத்தாலும் அதே ரேட்டு, அதே வாசகம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லாத இடத்தில் தரகருக்கு என்ன வேலை? அப்புறம் 1999-இல் ஐ.ஆர்.டி.ஏ. சட்டம் வந்தது. 2000-இல் தனியார் கம்பெனிகள் வந்தன. முதல் லைசென்ஸ் வாங்கிய தனியார் ஜெனரல் கம்பெனி ராயல் சுந்தரம். அந்தச் சுந்தரம், நம் மதுரையில் 1911-இல் பஸ் விட்ட டி.வி.எஸ். குடும்பத்தின் வழி வந்த சுந்தரம் ஃபைனான்ஸ். இது ஊர்ப் பெருமைக்காகச் சொன்னது, விளம்பரம் இல்லை. 2002-இல்தான் புரோக்கர்களுக்கென்று விதிமுறை வந்தது. 2007 ஜனவரி முதல் தேதியிலிருந்து டாரிஃப் ரேட்டை விட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் ஒரே குடோனுக்கு நாலு கம்பெனி நாலு விலை சொல்ல ஆரம்பித்தது. புரோக்கருக்கு உண்மையான வேலை வந்ததும் அன்றைக்குத்தான்.

லண்டனில் இது பழைய கதை. எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக் கடை பற்றிய பேச்சு 1688-லேயே வருகிறது. கப்பல்காரர்களும் பணம் வைத்திருந்தவர்களும் அங்கே கூடுவார்கள். ஒரு சீட்டில் கப்பலின் விவரத்தை எழுதி, மேஜை மேஜையாக எடுத்துக்கொண்டு போய், "இதில் எவ்வளவு பங்கு நீங்க ஏத்துக்கிறீங்க" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கியவர்தான் புரோக்கர். அந்தக் காப்பிக் கடைதான் லாயிட்ஸ் ஆனது. நம்ம ஊர்க் காப்பிக் கடையில் அரசியல் மட்டும்தான் ஓடியது, என்ன செய்ய.

சரி, பணத்துக்கு வருவோம். புரோக்கர் நம்மிடம் தனியாகத் தரகு கேட்பதில்லை. நாம் கட்டுகிற பிரீமியத்திலிருந்து கம்பெனிதான் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. ஆக, ஆள் நம்ம ஆள். கூலி அவர்கள் கூலி. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பிரீமியம் கூடினால் அவருக்கும் கூடும். எந்தக் கம்பெனி அதிகம் தருகிறதோ அந்தப் பக்கம் சாயலாம். எல்லாரும் சாய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சாய்கிறாரா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதை அப்புறம் சொல்றேன்.

முதலில், புரோக்கர் இல்லாததால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. பெயரும் தெருவும் சொல்ல மாட்டேன். ஜவுளி மொத்த வியாபாரி. அப்பா, மகன் இரண்டு பேரும் கடையில். ஸ்டாக்கின் பேரில் பேங்கில் 30 லட்சம் கடன். பேங்கே வருஷா வருஷம் கணக்கில் பிடித்து இன்சூரன்ஸ் போட்டது. பாலிசி எங்கே என்று கேட்டால் "பேங்குல இருக்கு சார்". ஒரு தடவைகூட அவர்கள் அதைப் படித்ததில்லை. பேங்கு தன் கடனுக்குப் பாதுகாப்பாக 30 லட்சத்துக்குத்தான் எடுத்திருந்தது. பேங்கின் கணக்கில் அது சரிதானே?

தீ பிடித்தது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில். ஜவுளிக்காரர்களுக்கு அந்த மாதத்தில் குடோன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடக்க வழி இருக்காது. அன்றைக்கு இருந்த சரக்கு 75 லட்சம். எரிந்தது 50 லட்சம். மகன் என்னிடம் கேட்டது: "சார், முப்பது லட்சம் பாலிசி இருக்கு, எரிஞ்சது அம்பது. முப்பது வந்துடும்ல?"

வராது. ஆவரேஜ் கிளாஸ் என்று ஒரு ஷரத்து. 75 லட்சம் பெறுமான சரக்கை 30 லட்சத்துக்கு இன்சூர் செய்தால், மீதி 45 லட்சத்துக்கு நீயே உனக்கு இன்சூரன்ஸ் கம்பெனி என்று அர்த்தம். நஷ்டம் வந்தால் அதே விகிதத்தில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 75-இல் 30 என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. 50 லட்சத்தில் ஐந்தில் இரண்டு, 20 லட்சம். அந்த இருபதும் முதலில் பேங்குக்குத்தான் போகும், பாலிசியில் பேங்கு பேர் இருப்பதால். பேங்குக் கடனில் இன்னும் 10 லட்சம் பாக்கி. சரக்கு கொடுத்த சூரத்து வியாபாரிக்குத் தனியாகப் பாக்கி. கையில் ஒன்றும் இல்லை. அந்தப் பெரியவர் சத்தம் போடவில்லை. "வருஷம் தவறாமக் கட்டினேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என்ன செய்ய முடியும்? சர்வேயர் பாலிசியில் இருப்பதைத்தான் எழுத முடியும்.

2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. ஒரே இடத்தில் 5 கோடி வரைக்குமான சொத்துக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுப் பாலிசி வந்தது. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரைக்கும் லகு உத்யம். இவற்றில் குறைத்து இன்சூர் செய்தது 15 சதவீதம் வரை இருந்தால் ஆவரேஜ் போடமாட்டார்கள். அதற்கு மேல் போனால் பழைய கணக்குதான். நான் சொன்னவர் குறைத்தது 60 சதவீதம். அதே தேதியில் வீடுகளுக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷாவில் ஆவரேஜே கிடையாது. வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், யாரும் சொல்வதில்லை.

ஒரு நல்ல புரோக்கர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? ஆடி மாதமே வந்து உட்கார்ந்திருப்பார். "தீபாவளி ஸ்டாக் எவ்வளவு வரும்? எங்க வைப்பீங்க?" என்று கேட்டிருப்பார். ரெண்டு மாதத்துக்கு மட்டும் தொகையைக் கூட்டி எண்டார்ஸ்மெண்ட் வாங்கியிருப்பார். தொகை பெரிசு என்றால் டிக்ளரேஷன் பாலிசி என்று ஒன்று இருக்கிறது. உச்ச ஸ்டாக்குக்கு எடுத்துவிட்டு, மாதாமாதம் உண்மையான ஸ்டாக்கை எழுதிக் கொடுத்தால், வருஷக் கடைசியில் கூடக் கட்டிய பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்ப வரும். பக்கத்துச் சந்தில் சீசனுக்கு என்று ஒரு குடோன் வாடகைக்குப் பிடிப்பார்களே, அந்த முகவரியையும் பாலிசியில் ஏற்றியிருப்பார். பாலிசி என்பது சரக்குக்கு மட்டும் இல்லை, முகவரிக்கும் சேர்த்துத்தான். கோயில் பக்கத்திலிருந்த சென்ட்ரல் மார்க்கெட் இங்கே மாட்டுத்தாவணிக்கு வந்தபோது சரக்கு லாரியில் ஏறி வந்துவிட்டது. பாலிசி தானாக ஏறி வராது. எழுதிக் கொடுத்து மாற்றினால்தான் உண்டு.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற விஷயம் இல்லை. 2018 பிப்ரவரி 2 ராத்திரி நம் மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ பிடித்துக் கடைகள் எரிந்ததை ஊரே பார்த்தது. 2020 நவம்பர் 14, தீபாவளி அன்று, விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெரு ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அந்த வீதிகளின் அகலம் உங்களுக்குத் தெரியும். அங்கே கடை வைத்திருக்கிற நம் பழைய மாணவர்கள் இந்த அரங்கத்திலேயே பத்துப் பதினைந்து பேராவது இருப்பீர்கள்.

இப்போது இன்னொரு இடம். மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன மில். மழையில் கூரை இறங்கி இயந்திரத்தின் மேல் விழுந்தது. நான் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே ஒரு பையன் டூவீலரில் வந்து நின்றுகொண்டிருந்தான். புரோக்கர் ஆபீஸ் ஆள். கையில் ஃபைல்: பாலிசி காப்பி, இயந்திரம் வாங்கிய பில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், ஈரம் காயுமுன் எடுத்த போட்டோ. இடிபாட்டை நான் பார்ப்பதற்கு முன் எதையும் அகற்றக் கூடாது என்று முதலாளிக்கு முதல் நாளே சொல்லியிருக்கிறான். அதே சமயம், நனையாத மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லியிருக்கிறான். மேற்கொண்டு நஷ்டம் வராமல் பார்ப்பது பாலிசிதாரரின் கடமை. இயந்திரம் 12 வருஷப் பழசு. சாதாரணப் பாலிசி என்றால் தேய்மானம் கழித்துத்தான் வரும். ஆனால் ரீஇன்ஸ்டேட்மெண்ட் வேல்யூ என்ற ஷரத்தைப் புரோக்கர் முதலிலேயே போட்டு வாங்கியிருந்தார். பழையதுக்குப் பதில் புதுசு வாங்கி மாட்டினால் புது விலை கிடைக்கும், மாட்டாவிட்டால் கிடையாது. உடைந்த இரும்பு என்ன விலை போகும் என்பதில் எனக்கும் அந்தப் பையனுக்கும் வாக்குவாதம். பழைய இரும்புக் கடைக்காரர்கள் இரண்டு பேரிடம் எழுத்தில் விலை வாங்கி வந்து வைத்தான். நியாயமான சண்டை. ஆதாரத்தோடு சண்டை போடுகிறவர்களை எங்களுக்குப் பிடிக்கும் ஐயா. ரிப்போர்ட் எழுதுவது சுலபமாகிவிடுகிறது.

சரி, இப்படி ஒருத்தரை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலில் புரோக்கர் என்று போர்டு போட்டவர் எல்லாம் புரோக்கர் இல்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தன் இணையதளத்தில் பதிவு பெற்ற புரோக்கர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள், பட்டியலில் இருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கர் ஆவதற்கு மூலதனமே பெரிய தொகை வேண்டும்; 2018 விதிப்படி நேரடிப் புரோக்கருக்குக் குறைந்தது 75 லட்சம். அதனால் ரோட்டோரம் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவர் புரோக்கராக இருக்க வாய்ப்புக் குறைவு. பல பேருக்குத் தலைமையகம் சென்னை, மும்பை என்றிருக்கும். அது குற்றம் இல்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு குடோன் எரிந்தால் மதுரையில் இறங்கி வருகிற ஆள் யார்? அவர் பேர் என்ன? அதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பாலிசி விற்க வருகிறவர் டை கட்டிக்கொண்டு வருவார். கிளெய்ம் பார்க்கிறவரைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு ஆளே ஆபீஸில் இல்லை என்றால் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

அப்புறம், உங்கள் தொழிலிலேயே கிளெய்ம் வாங்கிய இரண்டு வாடிக்கையாளர் பேர் கேளுங்கள். பாலிசி எடுத்தவர் பேர் வேண்டாம், கிளெய்ம் வாங்கியவர் பேர். அவர்களுக்கு நீங்களே போன் பண்ணுங்கள். பணம் எத்தனை மாதத்தில் வந்தது, எவ்வளவு குறைத்தார்கள், அந்த சமயத்தில் புரோக்கர் போனை எடுத்தாரா என்று கேட்டால் போதும். வியாபாரிக்கு வியாபாரி உண்மையைச் சொல்லிவிடுவார்.

முன்னால் சாய்வைக் கண்டுபிடிக்க வழி சொல்றேன் என்றேனே, அது இதுதான். எத்தனை கம்பெனியிடம் விலை கேட்டீர்கள், அந்தப் பதில்களைக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். நல்ல புரோக்கர் உங்கள் தொழில் விவரத்தை ஒரு தாளில் எழுதி நாலைந்து கம்பெனிக்கு அனுப்பி, வந்த பதிலையெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். பிரீமியத்தை மட்டும் இல்லை; எதற்கு விலக்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் சுமக்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு என்பதையும் காட்டுவார். விலை குறைந்த இடத்தில் அந்த முதல் தொகை கூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். "எல்லாம் பார்த்தாச்சு சார், இதுதான் பெஸ்ட்" என்று ஒரே ஒரு தாளை நீட்டுகிறவர், சட்டம் என்ன சொன்னாலும், அந்தக் கம்பெனியின் ஏஜெண்டுதான்.

"என் கமிஷன்ல பாதி உங்களுக்குத் திருப்பித் தர்றேன்" என்று ஒருத்தர் சொல்வார். நம்ம ஊரில் இது சகஜம். சந்தோஷமாகவும் இருக்கும். 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள். கூலியில் பாதியை முன்னாலேயே விட்டுக்கொடுத்தவர், கிளெய்ம் அன்றைக்கு எந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவார்? நாம் வாங்குவது அவருடைய அந்த நாள் உழைப்பை. அதை முன்னாலேயே பேரம் பேசி அழித்துவிடுகிறோம்.

ஒரே நேரத்தில் மூன்று புரோக்கரைப் பிடித்து, மூன்று பேரையும் விலை கேட்கச் சொல்வதும் நம் வழக்கம். காய்கறி மண்டியில் அது நடக்கும். இங்கே மூன்று பேரும் அதே கம்பெனிக் கதவைத் தட்டுவார்கள். அவரவர் ஒரு விவரம் எழுதியிருப்பார்கள். கம்பெனிக்காரர் எதை நம்புவார்? ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, அவர்தான் எங்களுக்குப் புரோக்கர் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பிரீமியத்தைக் கம்பெனி பேருக்கே கட்டுங்கள். புரோக்கர் கையில் ரொக்கமாக வேண்டாம். கம்பெனியிடம் பிரீமியம் போய்ச் சேர்ந்தால்தான் பொறுப்பு ஆரம்பிக்கும், சட்டத்தின் 64 வி.பி. பிரிவு அது. செக் திரும்பினால் பாலிசியும் திரும்பிவிடும்.

புரோக்கரிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய விதமும் ஒன்று உண்டு. டாக்டரிடமும் ஆடிட்டரிடமும் சொல்கிற மாதிரி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆடிட்டரிடமே நம்மவர்கள் முழுசாகச் சொல்வதில்லை, அது வேறு. கணக்கில் காட்டாத சரக்கு எரிந்தால் அதற்கு எந்தப் புரோக்கரும் வாதாட முடியாது. புத்தகத்தில் 20 லட்சம், குடோனில் 40 லட்சம் என்றால் நான் புத்தகத்தைத்தான் பார்ப்பேன். மாடியில் புதுசாக கேஸ் அடுப்பு வைத்தீர்களா, பக்கத்து அறையைப் பட்டாசுக் கடைக்கு வாடகைக்கு விட்டீர்களா, வயரிங் மாற்றினீர்களா, எல்லாம் அவருக்குத் தெரியணும். போனில் சொன்னதோடு விடாமல் ஒரு மெயிலோ வாட்ஸ்அப்போ போட்டு வையுங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரின் காப்பி ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். கடையோடு கணக்கும் எரிந்துபோனால் எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

இங்கே மாணவர்கள் நிறைய இருக்கிறீர்கள். "எங்களுக்கு ஏது குடோன்" என்று பார்க்கிறீர்கள். உங்கள் வீட்டில் மெடிக்ளெய்ம் இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஃபாரத்தில் இல்லை என்று எழுதியிருக்கும். யார் எழுதினது? பெரும்பாலும் விற்க வந்தவர், நல்லெண்ணத்தில். கையெழுத்து அப்பாவுடையது. கம்பெனி அந்தக் கையெழுத்தைத்தான் பார்க்கும். 2024 ஏப்ரலிலிருந்து ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் விடாமல் கட்டிய மருத்துவப் பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, விவரம் மறைத்தீர்கள் என்று சொல்லி மறுக்க முடியாது. அதற்கு முன் இது 8 வருஷம். ஆனால் அறுபது மாதம் முடிகிற வரைக்கும் உடம்பு காத்திருக்குமா? ஃபாரத்தை நீங்களே வாங்கி, அப்பாவைக் கேட்டு, நீங்களே நிரப்புங்கள். படித்த பிள்ளைகள்தானே.

எல்லாருக்கும் புரோக்கர் தேவை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு ஸ்கூட்டர், ஒரு வீடு, குடும்பத்துக்கு ஒரு மெடிக்ளெய்ம், இவ்வளவுதான் என்றால் நேர்மையான ஏஜெண்டு ஒருத்தரோ, கம்பெனி ஆபீஸோ போதும். சின்னப் பிரீமியத்துக்குப் பெரிய புரோக்கர் போன்கூட எடுக்க மாட்டார். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, அவருக்கும் கட்டுபடி ஆகணும். லாரி நாலைந்து வைத்திருக்கிறீர்கள், ஆம்னி பஸ் ஓட்டுகிறீர்கள், மில், குடோன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடத்துகிறீர்கள், ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால் தனியாக நிற்காதீர்கள்.

எல்லாம் செய்தும் கிளெய்ம் மறுக்கப்பட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் ஆபீஸ். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்கணும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ஒரு வருஷத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 2023 நவம்பரிலிருந்து 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். தனிநபர்கள் மட்டும் இல்லை, ஒற்றை முதலாளி நடத்துகிற கடையும், குறுந்தொழிலும் போகலாம். 2021-இல் விதியைத் திருத்தியபோது புரோக்கர்களையும் இதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதாவது புரோக்கர் மேலேயே புகார் கொடுக்கலாம்.

(கேள்வி நேரத்தில் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், "ஐயா, எங்க அப்பா கடைக்கு பேங்குல போட்ட பாலிசிதான் இருக்கு. இப்ப உடனே என்ன செய்யணும்?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி தம்பி. திங்கட்கிழமை காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போ. பாலிசி முழுக் காப்பி வேண்டும் என்று கேள். முதல் பக்கம் மட்டும் கொடுத்தால் வாங்காதே. வீட்டுக்கு வந்து மூன்று விஷயம் பார். கடை முகவரி, குடோன் முகவரி இரண்டும் சரியாக இருக்கிறதா? தொகை லோன் அளவுக்கு இருக்கிறதா, ஸ்டாக் அளவுக்கு இருக்கிறதா? உங்கள் கடையில் என்ன சரக்கு என்று எழுதியிருக்கிறார்கள்? பாத்திரக்கடை என்று எழுதி, உள்ளே பிளாஸ்டிக் சாமான் அடுக்கியிருந்தால் வம்பு. வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே பேங்குக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி, சீல் போட்ட காப்பி வாங்கிக்கொள். மீதித் தொகைக்கு யாரிடம் எடுப்பது என்பதை அப்புறம் நிதானமாக ஒரு புரோக்கரை வைத்துப் பேசலாம். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்.